போர் தண்ணீரும் டிஷ்வாஷர் உப்பும்: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்குக் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான் காணும். மற்றப் புழக்கத்துக்கெல்லாம் போர் தண்ணீரே. அதில் டிஷ்வாஷரை ஓட்டிய முதல் வாரமே கண்ணாடித் தம்ளர்கள் மோர் குடித்துவிட்டுக் கழுவாமல் காயவிட்டவைபோல் வெளிறிப்போயின. எவர்சில்வர் தட்டில் ஒவ்வொரு நீர்த்துளியும் காய்ந்த இடத்தில் வெள்ளை வட்டம் நின்றது. "ஏட்டி, இதுக்கா இவ்வளவு ரூவா குடுத்த?" என்று அம்மா கேட்டார்.

இயந்திரத்தைப் பொருத்த வந்தவர், பாத்திரம் கழுவப் போடும் சோப்பு மாத்திரையிலேயே எல்லாம் அடங்கியிருப்பதால் தனியாக உப்பு வேண்டாம் என்று சொல்லிப் போயிருந்தார். ஓரளவு கடினமான தண்ணீருக்கு அது பொருந்தலாம், இங்கே பொருந்தவில்லை. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்பது இந்தியத் தர நிர்ணயம். சோதனைத் தாளில் எங்கள் போர் தண்ணீர் அதைத் தாராளமாகத் தாண்டியது.

உப்பு நேரடியாகப் பாத்திரத்தில் படுவதில்லை. இயந்திரத்தின் அடியில் உள்ள பிசின் மணிகள் தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. அவை நிறைந்ததும் உப்புக் கரைசல்தான் அவற்றைக் கழுவி மீண்டும் வேலைக்கு ஆயத்தமாக்குகிறது. உப்புத் தண்ணீருக்கு உப்பையே மருந்தாகப் போடுவதா என்று அம்மா சிரித்தது நியாயம்தான். மளிகைக் கடையில் கேட்டால் கல்லுப்பை எடுத்து நீட்டுகிறார்கள். அதிலுள்ள அழுக்கும், தூள் உப்பில் கட்டிபிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருளும் அமைப்பை அடைத்துவிடும் என்பதால், இதற்கென்றே விற்கும் பருமணி உப்பை இணையத்தில் வரவழைக்க வேண்டியிருக்கிறது.

உப்பை நிரப்பியும் முதல் மூன்று நாள் மாற்றமே இல்லை. கையேட்டைப் புரட்டியபோதுதான், இயந்திரத்தில் தண்ணீரின் கடினத்தன்மைக்கேற்ப வைக்க வேண்டிய அளவு தொழிற்சாலையில் வைத்த குறைந்த நிலையிலேயே இருப்பது தெரிந்தது. அதை உயர்த்திய பிறகே வெள்ளைப் படலம் படிவது நின்றது. பழைய படலத்தின்மேல் எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துப் பார்த்தேன். பெரும்பாலான தம்ளர்கள் தெளிந்தன. இரண்டு மட்டும் தெளியவில்லை. அவற்றில் இருந்தது படிவு அன்று, கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டிருந்தது, அதற்கு மாற்று இல்லை.

கடைசி அலசலில் சேரும் திரவமான ரின்ஸ் எய்டின் பங்கு வேறு. தண்ணீர் துளியாகத் திரளாமல் மெல்லிய ஏடாக வழிந்தோட அது உதவுவதால் வட்டப் புள்ளிகள் குறைகின்றன; அளவு மிஞ்சினால் நீல நிறச் சாயல் படிகிறது, ஆகவே இரண்டாம் நிலையே எங்களுக்குப் போதுமானது. பிளாஸ்டிக் டப்பாக்களில் மட்டும் துளிகள் தங்கவே செய்கின்றன.

உப்புக்கு முழு மதிப்பெண் தருவேன். ரின்ஸ் எய்டுக்கு ஒரு படி குறைவு. சொதி வைத்த பாத்திரத்தின் தேங்காய்ப்பால் பிசுக்கை வழித்துவிட்டு அடுக்காத நாள்களில் இவ்விரண்டாலும் பயனில்லை. அடியிலுள்ள வடிகட்டியைக் கழற்றிக் கழுவினால்தான் மறுநாள் பாத்திரங்கள் மங்காமல் வருகின்றன.