குமரிமுனைப் படகுச் சவாரி: காற்றையும் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்

கன்னியாகுமரிப் படகுத்துறையில் 'இன்று படகு இல்லை' என்று கேட்டுத் திரும்புகிறவர்கள் ரயிலுக்கும் லாட்ஜுக்கும் நாள் பார்த்திருப்பார்கள், கடலுக்குப் பார்த்திருக்க மாட்டார்கள். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகு விவேகானந்தர் பாறைக்குப் போய்ச்சேரச் சில நிமிடங்கள்தான். ஆனால் அது ஓடுமா என்பது அன்றைய கடலின் கையில் இருக்கிறது.

படகு நிற்பதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும் தென்மேற்குக் காற்று. படகு கடலில் சமாளித்துவிடும், பாறையோரம் ஒதுங்கும்போதுதான் சிக்கல்: அலை தூக்கிப் போடும் படகிலிருந்து வயதானவர்களை இறக்க முடியாது. மற்றது பலருக்குத் தெரியாதது, நீர்மட்டத் தாழ்வு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம் அதிகம். அப்போது படகின் அடி பாறையில் தட்டும். வானம் பளிச்சென்று இருக்கும், காற்றே இருக்காது, ஆனாலும் படகு வராது. நீர் ஏறியதும் மறுபடி ஓடும், அதனால் காலையில் இல்லையென்றால் மதியம் ஒருமுறை விசாரியுங்கள்.

சூரிய உதயம் பார்த்த கூட்டம் அப்படியே படகு வரிசைக்கு வந்துவிடும். சேவை 8 மணிக்குத் தொடங்கும், 7 மணிக்கே நிற்பது நல்லது. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வருகையால் வரிசை எங்கே முடிகிறதென்றே தெரியாது. முழங்கால் வலிக்காரர்களோடு அந்த மாதங்களில் போகாதீர்கள். லைஃப் ஜாக்கெட் கட்டாயம். முந்தைய நடையில் நனைந்ததே உங்களுக்கும் வரலாம், வெள்ளைச் சட்டை வேண்டாம். பாறை மண்டபத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும், உச்சி வெயிலில் கல் சுடும். குடை எடுத்துப் போவது வீண், காற்று அதைப் புரட்டிவிடும்.

விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைத்து 2024 டிசம்பர் 30-ல் திறந்த கண்ணாடிப் பாலம்தான் இந்தச் சவாரியின் மதிப்பைக் கூட்டியது. 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். முன்பு நீர் கொஞ்சம் தாழ்ந்தாலே விவேகானந்தர் பாறையோடு சரி, வள்ளுவர் சிலைக்குப் படகு போகாது. இப்போது நடந்தே போய்விடலாம். சிலையும் பீடமுமாக 133 அடி. அதில் பீடத்தின் 38 அடி அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு. உப்புக்காற்று கல்லை அரிக்கும் என்பதால் சில வருடங்களுக்கு ஒருமுறை காகிதக்கூழ் பூசி உப்பை உறிஞ்சி எடுப்பார்கள். சாரம் கட்டியிருக்கும் அந்த மாதங்களில் அருகே விட மாட்டார்கள். கேமரா லென்ஸிலும் அதே உப்புதான் படியும், உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும்.

சூரியன் கடலுக்குள்ளேயே இறங்குவதைப் பார்க்க அக்டோபர் முதல் மார்ச் வரை வாருங்கள். மே, ஜூனில் அது வடக்கே ஒதுங்கிக் கரைப்பக்கமாக மறையும். கடைகளில் விற்கும் வண்ண மணல் பாக்கெட்டை நம்பி ஏமாற வேண்டாம். கருப்பு இல்மனைட் மணலும் சிவப்புக் கார்னெட் மணலும் இந்தக் கரையிலேயே இலவசமாகக் கண்ணில் படும்.

படகு இல்லாத நாளில் லாட்ஜில் உட்காராமல் மேற்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் முட்டத்துக்குப் போகலாம். கலங்கரை விளக்கம், கடலுக்குள் நீண்ட பாறைகள், செம்மண் மேடு. என் கணக்கில் காற்றை அனுபவிக்கக் குமரியைவிட இதுவே மேல். பேருந்து நாகர்கோவில் போய் மாறணும். ஆனால் பாறையில் இறங்கி செல்ஃபி எடுக்காதீர்கள். போகும் வழியில் உள்ள லெமூர் கடற்கரையில் 2024 மே 6-ல் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. அது கள்ளக்கடல்: தெற்கே வெகுதொலைவில் வீசிய புயலின் அலை, இங்கே காற்றில்லாத நாளிலும் சொல்லாமல் வரும். கள்ளக்கடல் எச்சரிக்கை செய்தியில் வந்திருந்தால் கலங்கரை விளக்க மேட்டோடு நின்றுகொள்ளுங்கள். மொத்தப் பாறையும் அங்கிருந்தே தெரியும்.