ஷேடோ ரசிகர் இதழ்கள்: நான்கு இதழ் படித்த கையோடு

ஷேடோ என்பவன் பழைய அமெரிக்க வானொலி நாடகங்களிலும் பத்திரிகைக் கதைகளிலும் குற்றவாளிகளை வேட்டையாடிய மர்ம நாயகன். அவனுடைய ரசிகர்கள் தாங்களே எழுதி, தட்டச்சு அடித்து, நகலெடுத்து, நடுவில் இரண்டு பின் குத்தி விநியோகித்த இதழ்களில் நான்கு பழைய பிரதிகள் ஒரே கட்டாகக் கிடைத்தன. மூன்றே ராத்திரியில் முடித்துவிட்டேன். வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தாராளமாக வாங்குங்கள், ஆனால் கதைகளை நம்பி வாங்காதீர்கள், கட்டுரைகளுக்காக வாங்குங்கள்.

ஷேடோ பிறந்த கதையே விசித்திரம்தான். 1930 ஜூலையில் நியூயார்க்கின் ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் பதிப்பகம் தன் துப்பறியும் பத்திரிகை விற்க வேண்டும் என்று ஒரு வானொலி நிகழ்ச்சி தொடங்கியது. அதில் கதை சொல்லும் குரலுக்கு வைத்த பெயர்தான் ஷேடோ. கேட்டவர்கள் கடைக்குப் போய் அந்த ஷேடோ பத்திரிகையைக் கொடு என்று கேட்க ஆரம்பித்தார்கள், அப்படி ஒரு பத்திரிகையே கிடையாது, அதனால் 1931 ஏப்ரலில் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முதல் இதழில் இதை எழுதியவர் எங்கேயும் மிகைப்படுத்தாமல் நிதானமாகச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாம் இதழின் நீண்ட கட்டுரை. வானொலி ஷேடோவும் அச்சு ஷேடோவும் ஒரே ஆள் இல்லை என்பதைப் படிப்படியாகக் காட்டுகிறது. 1937 செப்டம்பரில், 22 வயது ஆர்சன் வெல்ஸின் குரலில் தொடங்கிய நாடகத்தில் அவன் லமான்ட் கிரான்ஸ்டன், எதிரே இருப்பவர்களின் மனத்தை மயக்கி அவர்கள் கண்ணில் படாமல் நிற்பவன். நாவல்களில் அந்தச் சக்தியெல்லாம் கிடையாது. கறுப்பு மேலங்கி, முகத்தை மறைக்கும் தொப்பி, இரண்டு .45 துப்பாக்கி, இருட்டோடு இருட்டாக ஒதுங்கத் தெரிந்த உடம்பு, அவ்வளவுதான். கிரான்ஸ்டன் என்பதுகூட அவன் இரவல் வாங்கிய முகம், நிஜத்தில் அவன் கென்ட் ஆலர்ட் என்ற விமானி.

மேக்ஸ்வெல் கிராண்ட் என்ற புனைப்பெயரில் 280 ஷேடோ நாவல்களுக்கு மேல் எழுதிய வால்டர் கிப்சன் மேஜிக் நிபுணரும்கூட. அதே கட்டுரை ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு கவனத்தை வேறு பக்கம் திருப்பும் அந்த மேஜிக் வித்தையை அவர் எழுத்தில் பிரித்துக் காட்டுகிறது: அறையில் இருப்பவர்கள் எல்லாரும் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நாமும் கதவைத்தான் பார்க்கிறோம், ஷேடோவோ அதற்கு முன்பே திரைச்சீலைக்குப் பின்னால் வந்து நின்றாகிவிட்டது. படித்ததும் என்னிடமிருந்த ஒரு நாவலை எடுத்து அந்தக் கண்ணோடு மறுபடி வாசித்தேன், அப்படியே பொருந்துகிறது.

குறை என்றால் நகலின் தரம். ஷேடோ பத்திரிகையின் ஓவியர் எட் கார்ட்டியேயின் படங்களை மறுபதிப்பு செய்திருக்கிறார்கள், ஆனால் மெல்லிய கோடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே மைத்திட்டாகிவிட்டன, தொப்பிக்குக் கீழே கண்களையே காணோம். ரசிகர்கள் எழுதிய கதைகளில் பக்கத்துக்குப் பக்கம் ஷேடோவின் அந்த மர்மச் சிரிப்பு வந்து அலுக்கிறது. ஷேடோவுக்காக வேலை செய்யும் ஏஜென்ட்டுகளில் ஒருவனான ஹாரி வின்சென்ட் பாலத்திலிருந்து குதிக்கப்போன இடத்தில் காப்பாற்றப்பட்டவன், அவன் உயிரே ஷேடோ போட்ட பிச்சை. அதை மறந்து ஒரு கதையில் அவனை எடுபிடியாக்கிவிட்டார்கள், எனக்குக் கோபமே வந்தது.

ஆனால் மூன்றாம் இதழில் ஒரு கதை இருக்கிறது. காதில் ஹெட்போனோடு எங்கோ மறைவாக உட்கார்ந்து, ஏஜென்ட்டுகளின் செய்திகளை வாங்கி ஷேடோவுக்குக் கொடுக்கும் பர்பேங்க் என்பவனின் ஒரே ஒரு இரவு. சண்டை இல்லை, துரத்தல் இல்லை, ஒரு ஏஜென்ட்டின் அழைப்பு வரவேண்டிய நேரம் தாண்டிக்கொண்டே போகிறது, அவ்வளவுதான் கதை, ஆனால் நெஞ்சு அடைக்கிறது.

அப்புறம் ஒன்று, பழைய பிரதி வாங்கும்போது பக்கங்களை எண்ணிப் பாருங்கள். பின் துருப்பிடித்தால் முதலில் கழன்று போவது நடுத்தாள்தான். என் பிரதியில் அந்தப் பர்பேங்க் கதையின் நடு நான்கு பக்கங்கள் இல்லை, அதற்காகவே இன்னொரு பிரதி தேடிக்கொண்டிருக்கிறேன்.