துணை அமைச்சரா, அமைச்சரின் ஆளா?

கனடாவில் ஒரு மத்திய அமைச்சரின் காதருகே இரண்டு பேர். ஒருவர் துணை அமைச்சர். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், தேர்தலில் நிற்காத அதிகாரி அவர். நம்மூர் துறைச் செயலாளர் மாதிரி. இன்னொருவர் அமைச்சர் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளும் அரசியல் உதவியாளர். அரசுப் பணியின் நடுநிலைக்கு இவர்களில் யாரால் ஆபத்து அதிகம்?

உதவியாளரின் கணக்கு எளிது. தகுதிப் போட்டி கிடையாது. அமைச்சர் பதவி போனால் 30 நாளில் இவர் வேலையும் போகும். முன்பெல்லாம் இவர்கள் போட்டியில்லாமலே நிரந்தர அரசுப் பணிக்குள் முன்னுரிமையோடு நுழைந்தார்கள். 2006-இல் வந்த பொறுப்புடைமைச் சட்டம் அந்தக் கதவைச் சாத்தியது. அதிகாரிகளுக்கு உத்தரவிடும் அதிகாரமும் இவர்களுக்கு இல்லை. ஆனால் "அமைச்சர் விரும்புகிறார்" என்று போனில் ஒரு வார்த்தை வந்தால் எந்த அதிகாரி மறுப்பார்?

துணை அமைச்சர் விஷயம்தான் சிக்கல். ஆட்சி மாறினாலும் பெரும்பாலும் நீடிப்பார். துறைக் கணக்குக்கு நாடாளுமன்றக் குழு முன் பதில் சொல்வதும் இவரே. ஆனால் இவரைத் தேர்ந்தெடுப்பது துறை அமைச்சர் அல்ல, பிரதமர். அதற்கு ஆலோசனை சொல்பவர் பிரிவி கவுன்சிலின் செயலர், அதாவது மத்திய அரசுப் பணியின் தலைமை அதிகாரி. அதனால் துணை அமைச்சரின் விசுவாசம் துறையைத் தாண்டி, பிரதமர் இருக்கும் மையத்தை நோக்கிச் சாய்கிறது. அதிகாரம் பிரதமரைச் சுற்றிக் குவிவதைக் கனடிய அரசு நிர்வாக ஆய்வாளர் டொனால்ட் சவோய் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார். நடுநிலையாக இருக்க வேண்டிய அதிகாரிகளிடமே ஆளும் அரசின் திட்டங்களுக்கான உற்சாகம் எதிர்பார்க்கப்படுகிறது என்று கவலைப்பட்டவர் இன்னொரு ஆய்வாளரான பீட்டர் ஆகோயின்.

என்னைக் கேட்டால், கட்சிச் சாயம் வெளிப்படையாகத் தெரியும் உதவியாளரைவிட, நடுநிலைப் போர்வைக்குள் வளைந்துகொடுக்கும் துணை அமைச்சரே அதிக ஆபத்து.