60,000 எம்ஏஎச் என்று விற்றார்கள், இரவு பாதியிலேயே நின்றுவிட்டது: கார் ஃபிரிட்ஜ் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

கார் ஃபிரிட்ஜும் அதை ஓட்ட பேட்டரியும் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள், அதிலும் வீட்டில் இன்சுலின் போடுகிறவர்கள் இருந்தால், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

ஏப்ரலில் சேலத்திலிருந்து ஹம்பிக்குக் காரில் போனோம். அப்பாவும் வந்தார். அவருக்கு தினமும் இன்சுலின். தங்கிய இடம் ஒரு கூடாரம், உள்ளே பிளக் பாயின்ட் கிடையாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அதற்காகவே 30 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஒன்றும் அதை ஓட்ட 14,500 ரூபாய்க்கு ஒரு பவர் ஸ்டேஷனும் (தூக்கிப் போகும் பேட்டரிப் பெட்டி) வாங்கினேன்.

எம்ஏஎச் என்பது மில்லி ஆம்பியர் ஹவர். ஆயிரம் சேர்ந்தால் ஒரு ஆம்பியர் ஹவர், அதாவது ஒரு ஆம்பியரை ஒரு மணி நேரம் தரும் அளவு. கடைக்காரர் கால்குலேட்டரை எடுத்து என் முன்னாலேயே கணக்குப் போட்டார். "60,000 எம்ஏஎச் சார். 60 ஆம்பியர் ஹவர். ஃபிரிட்ஜ் 4 ஆம்பியர் இழுக்கும், 15 மணி நேரம் வரும். கம்ப்ரசர் நின்று நின்றுதான் ஓடும், அதனால் 30 மணி நேரம்னு வச்சுக்கோங்க." மருந்துக்காகத்தான் வாங்குகிறேன் என்று அவரிடம் இரண்டு முறை சொன்னேன். "தைரியமா கொண்டு போங்க சார்" என்றார்.

வழியெல்லாம் கார் சாக்கெட்டில் ஓடியது, பிரச்சினை இல்லை. இரவு ஏழே முக்காலுக்கு வண்டியை நிறுத்தி, ஃபிரிட்ஜை பவர் ஸ்டேஷனுக்கு மாற்றினேன். சார்ஜ் முழுதாக இருந்தது, ஃபிரிட்ஜ் உள்ளே 4 டிகிரி. இரண்டேகால் மணிக்கு நின்றிருக்கிறது. எங்களுக்குத் தெரியாது, எல்லோரும் கூடாரத்தில் தூக்கம். காலையில் சுற்றிப் பார்க்கக் கிளம்பும் அவசரத்தில் கவனிக்கவும் இல்லை. வெயிலில் நின்ற வண்டிக்குள் இருந்த ஃபிரிட்ஜை மதியம் திறந்தபோது உள்ளே தண்ணீர் பாட்டில் கைக்குச் சுட்டது. பக்கத்திலேயே பிரிக்காத நான்கு இன்சுலின் பேனா. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அந்தச் சூட்டில் கிடந்ததை அப்பாவுக்குப் போட மனம் வரவில்லை, நான்கையும் தூக்கிப் போட்டோம். நல்ல வேளையாக, அவர் அப்போது போட்டுக்கொண்டிருந்த பேனா ஈரத்துணி சுற்றி அவர் பையிலேயே இருந்தது.

ஊருக்கு வந்து பவர் ஸ்டேஷனைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் வெள்ளி நிற ஸ்டிக்கர். ஊதினால் பறக்கிற அளவு எழுத்தில் "3.7 வோல்ட், 222 வாட் ஹவர்".

விஷயம் அங்கேதான் இருக்கிறது. 60,000 என்பது உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டுக்குப் போட்ட கணக்கு. 60 ஆம்பியர் ஹவரை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 222 வாட் ஹவர், பேட்டரியில் இருக்கும் மொத்த சக்தி அவ்வளவுதான். ஃபிரிட்ஜ் ஓடுவது 12 வோல்ட்டில். 222-ஐ 12-ஆல் வகுத்தால் பதினெட்டரை ஆம்பியர் ஹவர். வோல்ட்டை ஏற்றுவதில் கொஞ்சம் வீணாகும், கைக்கு 16 வந்தால் அதிகம். கடைக்காரர் சொன்ன அதே 4 ஆம்பியர் கணக்கில் நான்கு மணி நேரம், அவர் மாதிரியே கம்ப்ரசர் நின்று ஓடுவதற்காக இரட்டித்தாலும் எட்டு மணி நேரம்தான். ஹம்பி வெக்கையில் கம்ப்ரசர் நின்ற நேரம் குறைவு, ஆறரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

திரும்பப் போய்க் கேட்டேன். "பெட்டியில் 60,000-னு போட்டிருக்கு, நான் பொய் சொல்லலையே சார்" என்றார். 30 மணி நேரம் என்றீர்களே என்றதற்கு, ஃபிரிட்ஜை வெயிலில் வைத்தது என் தப்பாம். அது நின்றது நடுராத்திரி! அப்போது ஏது வெயில்? பணம் தர மறுத்துவிட்டார். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்ததை பில் என்று வாங்கி வந்தது என் தவறு, நீங்கள் ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, புகாருக்குக் காரணமான பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

எம்ஏஎச் எவ்வளவு என்று கேட்காதீர்கள். வாட் ஹவர் எவ்வளவு என்று கேளுங்கள், ஸ்டிக்கரைக் காட்டச் சொல்லுங்கள். இன்னொன்று, அதே கடையில் 6,000 ரூபாய்க்கு ஒரு பெட்டியையும் ஃபிரிட்ஜ் என்று காட்டினார்கள். கம்ப்ரசர் இல்லாத அந்த வகை வெளிச் சூட்டிலிருந்து 20 டிகிரி வரைதான் குறைக்கும். வெளியே 38 என்றால் உள்ளே 18. மருந்துக்கு அது ஆகவே ஆகாது.

இப்போது 12.8 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வாங்கியிருக்கிறேன். 1,280 வாட் ஹவர். இந்த முறை நம்பிக் கிளம்பவில்லை. மொட்டை மாடியில் நிழலில் ஃபிரிட்ஜை வைத்து, தண்ணீர் பாட்டில்களை நிரப்பி ஓடவிட்டுப் பார்த்தேன். ஒன்றரை நாள் தாண்டி ஓடியது.

போன வாரம் அந்தக் கடை வழியாகப் போனேன். அதே பவர் ஸ்டேஷன் கண்ணாடி ஷோகேஸில் நிற்கிறது. மேலே சிவப்பு எழுத்தில் புதிதாக ஒரு அட்டை: "60,000 எம்ஏஎச், ஃபிரிட்ஜ் 30 மணி நேரம் ஓடும்".