எல்லாவா, விக்டோரியாவா?
ஹெஸ்ஸே என்ற சின்ன ஜெர்மன் அரசின் இளவரசிகள், அக்கா விக்டோரியா, தங்கை எல்லா. இவர்களில் யார் கல்யாணத்தில் தேர்ந்த வழி மேல் என்பதுதான் கேள்வி. இருவருக்கும் 1884-இல்தான் கல்யாணம். தங்கை எல்லா, பாட்டி விக்டோரியா மகாராணிக்குப் பிடிக்காத ரஷ்யச் சம்பந்தத்தை ஏற்று, சக்கரவர்த்தியின் தம்பி செர்கெயைக் கட்டிக்கொண்டார். அரண்மனை, நகை, எதற்கும் குறைவில்லை. 1905-இல் கிரெம்ளினுக்குள் வெடித்த குண்டில் செர்கெய் சிதறிப்போக, பனியில் கிடந்த துண்டுகளை எல்லாவே தன் கையால் சேகரித்தார். அப்புறம் நகைகளை விற்று மாஸ்கோவில் மடம் தொடங்கினார். 1918-இல் ரஷ்யப் புரட்சிக்காரர்களான போல்ஷெவிக்குகள் அவரைச் சுரங்கக் குழியில் தள்ளிக் கொன்றார்கள்.

என் மனசு தங்கை எல்லாவின் பக்கம்தான், ஆனாலும் அக்காவின் வழியே மேல் என்பேன். விக்டோரியா மணந்தது பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பாட்டன்பர்க் லூயிஸை. ஆடம்பரம் குறைவு, 1917-இல் ஜெர்மன் பட்டமும் போனது. சரி, 1950 வரை வாழ்ந்து பேரன் பிலிப்புக்கும் பின்னாளில் பிரிட்டிஷ் ராணியான எலிசபெத்துக்கும் நடந்த கல்யாணத்தையும் பார்த்துவிட்டாரே.