ஏழும் ஓர் எழுத்துத்தான்: ஃபர்ஸ்ட்வாய்ஸஸ் விசைப்பலகை, ஓர் அச்சகக்காரனின் மதிப்பீடு

கனடாவில், வான்கூவர் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு நிகழ்ச்சி நிரல் அச்சுக்கு வந்தது. இங்கே கூட்டம் என்றால் முதல் பக்கத்தில் பெரும்பாலும் அந்த மண்ணின் மூன்று மக்களுடைய பெயர்கள் வரும்: மஸ்குவியம், ஸ்க்வாமிஷ், ஸ்லேவாட்டூத். வாடிக்கையாளர் அவற்றை அவரவர் எழுத்திலேயே கேட்டிருந்தார். ஸ்க்வாமிஷ் பெயரின் நடுவில் ஒரு 7 கிடந்தது. அவசரத்தில் விரல் தவறியிருக்கும் என்று நானே அதை அழித்துவிட்டேன். 300 பிரதி ஓடி முடிந்தது. மறுநாள் வந்தவர் தாளைப் பார்த்துவிட்டு, "அந்த ஏழு ஓர் எழுத்து" என்று மட்டும் சொன்னார். மறுஅச்சுச் செலவு என் கணக்கில்.

தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கும்போது வரும் ஒலி அது. மொழியியலாளர்கள் அதற்கு, அடியில் புள்ளி இல்லாத கேள்விக்குறி போன்ற ஒரு குறியைப் போடுவார்கள். தட்டச்சு இயந்திரத்தில் அது ஏது? உருவத்தில் கிட்ட இருந்தது 7, அதை எடுத்துக்கொண்டார்கள். விஸ்லருக்குப் போகும் 99ஆம் நெடுஞ்சாலையின் பெயர்ப்பலகைகளிலும் இந்த 7 இருக்கிறது. எத்தனை தடவை அவற்றைக் கடந்து போயிருப்பேன்!

சரி, மறுஅச்சுக்கு முன்னால் அந்த வாடிக்கையாளர் சொன்ன ஃபர்ஸ்ட்வாய்ஸஸ் விசைப்பலகைச் செயலியை இறக்கினேன். இலவசம். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடும். நூற்றுக்கு மேற்பட்ட பழங்குடி மொழிகளுக்கு விசைப்பலகை உண்டு. எனக்கு வேண்டியது அதில் சேலிஷ் குடும்பம். பிரிட்டிஷ் கொலம்பியா, வாஷிங்டன், ஓரிகன், ஐடஹோ, மொன்டானா என்று பரந்து கிடந்த 23 மொழிகளின் குடும்பம் அது. ஓரிகன் கரையின் டில்லமூக் போல, பேச ஆளில்லாமல் போனவையும் அதில் உண்டு. நான் அச்சடித்த மூன்று பெயரும் இந்தக் குடும்பம்தான், ஆனால் ஒரே எழுத்துமுறை அல்ல. ஸ்க்வாமிஷில் 7 வரும், சில எழுத்துகளுக்கு அடிக்கோடு வரும். மஸ்குவியத்தாரும் ஸ்லேவாட்டூத்தாரும் எழுதும் ஹெங்கெமினெம் மொழியில் தலைகீழான ஆங்கில 'இ', கிரேக்கத் தீட்டா, மேலே ஏறி நிற்கும் குட்டி 'டபிள்யூ', தலையில் காற்புள்ளி வைத்த மெய்கள். இது தெரியாமல் ஒன்றைப் பார்த்து மற்றதைத் திருத்தப் போனால் என் கதிதான்.

செயலிக்கு உள்ளே ஓடுவது, பல மொழிகளுக்கு விசைப்பலகை அமைத்துத் தரும் கீமேன் என்ற மென்பொருள் என்று தெரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பாமினி எழுத்துருவில் தட்டிப் பழகி, அப்புறம் யூனிகோடுக்கு வந்த என் வயதுக்காரர்களுக்கு இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் மறந்திருக்காது. அதன் ஆரம்பப் பதிப்புகளைச் சுமந்ததும் இதே கீமேன்தான். நமக்கு உழுத மாடு இங்கேயும் உழுகிறது. விக்டோரியா பக்கத்து செஞ்சாதென் மொழிக்கு கீமேனில் சொல்லை ஊகித்து நீட்டும் வசதிகூட வந்துவிட்டது. தட்டச்சு இயந்திரத்தில் அடிக்க வசதியாக டேவ் எலியட் என்பவர் 1978இல் பெரிய எழுத்துகளை வைத்து எழுத்துமுறை அமைத்தாரே, அதே மொழி.

மஸ்குவியம் என்ற பெயரை அடித்துப் பார்த்தேன். முதல் தடவை ஐந்து நிமிடம், நாலாவது தடவை அரை நிமிடம். இணையத்தில் எங்கிருந்தோ வெட்டி ஒட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். ஒட்டும்போது எந்தக் குறி வழியில் விழுந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. இடறியது எங்கள் கடைக் கணினியில். தலைப்புக்கு நாங்கள் வழக்கமாகப் போடும் பழைய எழுத்துருவில், அந்தப் பெயரில் வரும் ஆங்கில 'வை'யின் தலையிலிருந்த காற்புள்ளி நழுவிப் பக்கத்து எழுத்தின் தோளில் உட்கார்ந்தது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று தமிழ் உடைந்து நிற்குமே, அப்படியே. இதற்குச் செயலியைக் குறை சொல்ல முடியாது. எழுத்துருவை மாற்றியதும் சரியானது. அச்சுக்குப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

உச்சரிப்பை விசைப்பலகை சொல்லித்தராது. அதற்கு ஃபர்ஸ்ட்வாய்ஸஸ் தளம் இருக்கிறது, சொற்களைப் பேசுபவர்களின் குரலிலேயே கேட்கலாம். நான் தொண்டையை அடைத்து அடைத்துப் பார்த்ததில் கடைப் பையன் தண்ணீர் கொண்டு வந்துவிட்டான்.

இந்த வேலை இனிக் கூடும் என்றே நினைக்கிறேன். வான்கூவரில் 2025இல் ஒரு தெருவுக்கே ஹெங்கெமினெம் எழுத்தில் பெயர்ப்பலகை வைத்துவிட்டார்கள்.

இரண்டாவது அச்சை வாடிக்கையாளர் விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தார். காற்புள்ளி அதன் இடத்தில் இருந்தது, 7உம் இருந்தது. செயலிக்கு ஐந்துக்கு நாலரை. போன் திரையில் சாதாரண 'எக்ஸ்' எது, தலையில் கொக்கி போட்ட 'எக்ஸ்' எது என்று பிரித்தறிய எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. அந்த அரை அதற்காக.