எஸ்.ஆர்.எஸ் ரேடியோ: வேலைக்கு ஒரு காது, அரட்டைக்கு ஒரு காது

சண்டை விமான சிமுலேட்டரில் நாலைந்து பேர் சேர்ந்து பறந்தால் வாய் சும்மா இருக்காது. எதிரி எந்தத் திசையில், எரிபொருள் எவ்வளவு, யார் முதலில் இறங்குவது என்ற பேச்சு ஒரு பக்கம். "தம்பி, அது லேண்டிங்கா, இல்ல செவ்வாய்ப்பேட்டையில மூட்டை எறக்கினியா?" என்ற பேச்சு இன்னொரு பக்கம். இரண்டும் வேண்டும். சேலம் அஸ்தம்பட்டியில் ஒருவர், அம்மாப்பேட்டையில் ஒருவர், ஏற்காட்டில் ஒருவர் என்று பிரிந்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு அந்த இரண்டாவது பேச்சுதான் ராத்திரித் திண்ணை. ஆனால் இரண்டையும் ஒரே டிஸ்கார்ட் அறையில் கொட்டினால், ஏவுகணை வருகிறது என்று ஒருவர் கத்துவது இன்னொருவரின் சிரிப்பில் மூழ்கிவிடும்.

டி.சி.எஸ் வேர்ல்டு என்ற சண்டை விமான சிமுலேட்டருக்கென்று எழுதப்பட்ட சிம்பிள் ரேடியோ ஸ்டாண்ட்அலோன், சுருக்கமாக எஸ்.ஆர்.எஸ், இந்தச் சிக்கலை அரட்டைக்குத் தனி அலைவரிசை கொடுத்துத் தீர்க்கிறது. இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது. சிமுலேட்டருக்குப் பக்கத்தில் தனி நிரலாக ஓடி, நீங்கள் உட்கார்ந்திருக்கும் விமானத்தில் என்ன ரேடியோ இருக்கிறதோ அதையே உங்கள் ஹெட்செட்டுக்குக் கொண்டுவருகிறது. அலைவரிசை பொருந்தினால்தான் குரல் கேட்கும். ஏ.எம்., எஃப்.எம். என்ற வகையும் பொருந்த வேண்டும். 251.000 மெகாஹெர்ட்ஸ் ஏ.எம்மில் ஒருவரும் 251.000 எஃப்.எம்மில் இன்னொருவரும் இருந்தால் இருவருக்கும் மௌனம்தான். புதிதாக வருகிறவர்கள் அதிகம் திண்டாடுவது இந்த இடத்தில்தான்.

சர்வர் நடத்துபவர் விரும்பினால் தூர வரம்பையும் பார்வைக்கோட்டையும் இயக்கலாம். பார்வைக்கோடு என்பது நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாத விஷயம். அஸ்தம்பட்டியிலிருந்து பொம்மிடிக்கு நேர்கோடு போட்டால் நடுவில் சேர்வராயன் மலை நிற்கிறது. இந்தப் பக்கக் கை ரேடியோ அந்தப் பக்கம் எட்டாது, மலை உச்சியில் நிற்பவருக்கு இரண்டு பக்கமும் கேட்கும். டி.சி.எஸ்-இல் இலவசமாகவே வரும் காக்கசஸ் வரைபடத்திலும் அதே கதை. குட்டைசியிலிருந்து நல்சிக் பக்கம் போகிறவர் மலைத்தொடரைத் தாண்டிப் பள்ளத்தாக்கில் இறங்கியதும் குரல் அறுந்துவிடும். உயரத்தில் ஒருவர் சுற்றிக்கொண்டிருந்து சேதியை மாற்றிச் சொன்னால்தான் இரு பக்கமும் சேரும். கலாய்த்துக்கொண்டே இருந்தவரின் குரல் மலைக்குப் பின்னால் திடீரென்று நின்றுபோகும்போது, அவர் எங்கே இருக்கிறார் என்று எல்லோரும் வரைபடத்தைப் பார்க்கிறார்களே, அந்தக் கணத்துக்காகவே இந்த வசதியை இயக்கி வைக்கலாம். முதல் இரண்டு வாரம் மட்டும் அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் அமைப்பில் பிழையா, நடுவில் மலையா என்று யாருக்கும் புரியாது.

அலைவரிசைத் திட்டம்தான் முக்கியம். வேலைப் பேச்சுக்கு முதல் ரேடியோவில் 251.000 ஏ.எம்.; அரட்டைக்கு இரண்டாவது ரேடியோவில் 124.000 ஏ.எம். என்று வைப்பது நல்லது. அரட்டை ஏன் 124? எஃப்-16-இன் வி.எச்.எஃப் ரேடியோ (124 போன்ற எண்கள் வரும் பட்டை), எஃப்/ஏ-18-இன் இரண்டு ரேடியோக்கள், ஏ-10, யு.எச்-1 ஹெலிகாப்டர் எல்லாம் அந்த எண்ணுக்கு எட்டும். இரண்டாம் உலகப் போர்க்கால பி-51-க்கும் எட்டும். 121.500, 243.000 இரண்டையும் தொடாதீர்கள். அவை ஆபத்துக் கால அலைவரிசைகள். யு.எச்.எஃப் ரேடியோவை (243, 251 போன்ற எண்கள் வரும் பட்டை) "போத்" நிலையில் வைத்திருப்பவர்கள் 243-ஐக் கூடவே கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

பி-51-லும், அதன் ஆயுதமில்லாத இலவச வடிவமான டி.எஃப்-51-லும் எண்ணைத் திருப்பும் குமிழே கிடையாது. எஸ்.சி.ஆர்-522 என்ற அதன் ரேடியோப் பெட்டியில் ஏ, பி, சி, டி என்று நாலு பொத்தான்தான். எந்தப் பொத்தானில் எந்த அலைவரிசை என்பதை மிஷன் எழுதுபவர் முன்கூட்டியே எடிட்டரில் போட்டு வைக்க வேண்டும். அவர் மறந்தால் அன்று முழுக்க அந்தப் பைலட் ஊமை. அந்த விமானத்துக்கு யு.எச்.எஃப் கிடையாது என்பதால் வேலைப் பேச்சுக்கும் வி.எச்.எஃப்-இலேயே இன்னொரு எண் ஒதுக்கவேண்டிவரும். ஒற்றை ரேடியோ விமானங்களுக்குக் கூடுதல் ரேடியோ தரும் "ரேடியோ எக்ஸ்பான்ஷன்" என்ற சர்வர் தேர்வு ஒன்று இருக்கிறது. பழைய விமானங்களையும் ஜெட்களையும் கலந்து பறக்கும் கூட்டம் என்றால் அதை இயக்கிவிடுங்கள்.

அடுத்தது காது. ஒவ்வொரு ரேடியோவின் ஒலியையும் இடது காது, வலது காது, இரண்டும் என்று பிரிக்கலாம். வேலை இடது பக்கம், அரட்டை வலது பக்கம். அரட்டையின் ஒலி அளவைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். இதை ஒருமுறை செய்துவிட்டால், யாரோ ஒருவர் வலது காதில் ராகம் போட்டுக்கொண்டிருந்தாலும் இடது காதில் வரும் "கோல்ட் ஒண்ணு-ரெண்டு, உங்க பின்னால ஆள் இருக்கான், இடது பக்கம் திருப்புங்க" என்ற வார்த்தை தவறாது. எஸ்.ஆர்.எஸ்-இல் எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சின்ன வசதிதான்.

பேசுவதற்கான பொத்தானை விசைப்பலகையில் வைக்காதீர்கள். த்ராட்டிலில் கட்டைவிரல் படும் நாலு திசைக் குமிழ் இருந்தால் மேலே தள்ளினால் முதல் ரேடியோ, கீழே தள்ளினால் இரண்டாவது, பக்கவாட்டில் தள்ளினால் விமானத்துக்குள் மட்டும் பேசும் இன்டர்காம் என்று வையுங்கள். டிஸ்கார்டும் கூடவே ஓடுகிறது என்றால் அதற்கும் இதற்கும் ஒரே பொத்தான் வைக்கக் கூடாது. வைத்தால் உங்கள் குரல் இரண்டு வழியாகப் போய் எதிரொலிக்கும். எஃப்-16 போன்று காக்பிட்டில் குமிழ், சுவிட்ச் எல்லாம் வேலை செய்யும் முழு விவர விமானங்களில் எஸ்.ஆர்.எஸ் காக்பிட்டில் இருக்கும் குமிழ்களுக்கே கட்டுப்படும். திரை மேல் மிதக்கும் பலகையில் எண்ணை மாற்றப் பார்த்தால் மாறாது. சு-25டி போன்ற எளிய விமானங்களில் அந்தப் பலகைதான் ரேடியோ. யு.எச்-1-இல் இன்டர்காம் பலகையின் குமிழ் எந்த எண்ணில் நிற்கிறதோ அந்த ரேடியோவில்தான் பேச்சு போகும்: 1 எஃப்.எம்., 2 யு.எச்.எஃப், 3 வி.எச்.எஃப். கேட்பதற்கு அந்தந்த எண்ணின் சுவிட்சும் போட்டிருக்க வேண்டும். பேச முடிகிறது, கேட்க முடியவில்லை என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோர் இந்தச் சுவிட்சை விட்டவர்கள்.

நிறுவுவது சுலபம். டி.சி.எஸ்-ஐ மூடிவிட்டு, நிறுவியை அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்க வேண்டும். டி.சி.எஸ் இருக்கும் அதே கோப்புறைக்குள் போடக் கூடாது. அது சேவ்ட் கேம்ஸ் கோப்புறையில் இருக்கும் எக்ஸ்போர்ட்.லுவா கோப்பில் ஒரு வரி சேர்க்கும். பறந்ததைப் பதிவுசெய்து காட்டும் டேக்வியூ போன்ற நிரல்களும் அதே கோப்பில்தான் எழுதுகின்றன. யாராவது நண்பரின் கோப்பை வாங்கி உங்கள் கோப்பின் மேல் ஒட்டினால் அந்த வரி போய்விடும்.

எது பழுது என்று கண்டுபிடிக்க எஸ்.ஆர்.எஸ் முகப்பில் மூன்று விளக்குகள் இருக்கின்றன. சர்வர் விளக்கு சிவப்பு என்றால் முகவரி தப்பு, அல்லது சர்வர் ஓடவில்லை. சர்வர் பச்சை, குரல் விளக்கு சிவப்பு என்றால் 5002 போர்ட்டில் இணைப்புக்கான டி.சி.பி மட்டும் திறந்து குரலுக்கான யு.டி.பி அடைபட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பட்டியலில் பெயர் தெரியும், குரல் மட்டும் வராது. இரண்டும் பச்சை, விளையாட்டு விளக்கு மட்டும் சிவப்பு என்றால் மேலே சொன்ன எக்ஸ்போர்ட்.லுவா வரியைப் பாருங்கள். மூன்றும் பச்சையாக இருந்தும் உங்கள் குரல் யாருக்கும் போகவில்லையா? விண்டோஸ் தனியுரிமை அமைப்பில் மைக்குக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். டி.சி.எஸ்-ஐ அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கினால் எஸ்.ஆர்.எஸ்-ஐயும் அப்படியே இயக்க வேண்டும், இல்லாவிட்டால் விசைப்பலகைப் பொத்தான் வேலை செய்யாது.

சர்வரை வீட்டிலேயே நடத்த நினைப்பவர்கள் முதலில் ரவுட்டரில் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. தனிப் பொது முகவரி கேட்டு வாங்க வேண்டும், அல்லது வாடகைக் கணினியில் வைக்க வேண்டும். எஸ்.ஆர்.எஸ் சர்வர் டி.சி.எஸ் சர்வர் இருக்கும் கணினியிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. குரல் மட்டும் கடக்கும் சின்ன நிரல் என்பதால் மலிவான வாடகைக் கணினி தாங்கும். வீட்டில் வைத்தால் ரவுட்டருக்கும் சேர்த்து யு.பி.எஸ் போடுங்கள். மின்சாரம் போய்க் கணினி மட்டும் உயிரோடு இருந்து பயனில்லை.

மைக் விஷயத்தில் சேலத்து வெயிலை மறக்காதீர்கள். மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் உதட்டு ஓரத்தில் இரண்டு விரல் தள்ளி வைத்தால் மூச்சும் காற்றும் விழாது. எஸ்.ஆர்.எஸ்-இன் மைக் சோதனைப் பொத்தானை அழுத்திப் பேசினால், மற்றவர்களுக்குக் கேட்கும் அதே ரேடியோ கரகரப்போடு உங்கள் குரல் உங்களுக்குத் திரும்ப வரும். இரைச்சல் குறைப்பும் தானாக ஒலி கூட்டுவதும் இரண்டும் இருந்தாலும், தானாகக் கூட்டுவதை அணைத்துவிடுவதே மேல். நீங்கள் பேச்சை நிறுத்திய இடைவெளியில் அது விசிறிச் சத்தத்தைத் தூக்கிவிடும்.

இனி பேச்சு. சங்கேதச் சொற்களை மொழிபெயர்க்க வேண்டாம். மற்றதெல்லாம் தமிழிலேயே ஓடட்டும். "டாலி" என்றால் எதிரியைக் கண்டுவிட்டேன், "விஷுவல்" என்றால் நம்மவரைக் கண்டுவிட்டேன். இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னால் நம்மவர் மேலேயே ஏவுகணை போகும். "பிங்கோ" என்றால் திரும்பிப் போக மட்டும் எரிபொருள், "வின்செஸ்டர்" என்றால் ஆயுதம் தீர்ந்தது. அரட்டை அலைவரிசையில் இதே சொற்களுக்கு வேறு உயிர் வந்துவிடும். ஒருவர் வின்செஸ்டர் என்றதும் வலது காதில், "தட்டுவடை செட்டுல இன்னும் சட்னி மிச்சம் இருக்கும் பாரு மாப்ள" என்று வரும். எதிரியோடு விடாமல் வட்டமடிப்பவருக்கு, "ஏற்காட்டுக் கொண்டை ஊசி இருபதும் முடிஞ்சுதா, இன்னும் பாக்கி இருக்கா?" சக்கரத்தை மடக்க மறந்து பறக்கும் மூத்தவருக்கு இளையவர், "அண்ணா, சக்கரம் கீழயே தொங்குதுங்க. அடிவாரத்துல யாரையாச்சும் எறக்கி விடணுங்களா?" என்று மரியாதை குறையாமல் நினைவூட்டலாம். அந்தக் கேலியில் உண்மையான தகவலும் இருக்கிறது: சக்கரம் இறங்கியிருக்கிறது, வேகம் கூடினால் கதவு பிய்ந்துவிடும். நல்ல கலாய்ப்பு எப்போதும் இப்படித்தான், சொல்ல வேண்டியதையும் சேர்த்தே சொல்லிவிடும். ஒருவர் ஒரே நாளில் மூன்று முறை விழுந்திருந்தால் நாலாவது முறை அவரை விட்டுவிட வேண்டும்.

இரண்டு பேர் உட்காரும் விமானம் கிடைத்தால் இன்டர்காமை விடாதீர்கள். எஃப்-14, எம்.ஐ-24 போன்றவற்றில் பைலட்டும் உடன் இருப்பவரும் பேசுவது அந்த விமானத்துக்குள்ளேயே நிற்கும்; மற்றவர்களைப் பற்றிய அரட்டைக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. சுட்டு வீழ்த்தப்பட்டவர்களுக்கும், விளையாடும் அளவுக்குக் கணினி இல்லாதவர்களுக்கும் வெளி அவாக்ஸ் (மேலிருந்து வழிகாட்டும் ரேடார் விமானம்) நிலை என்று ஒன்று உண்டு. சர்வர் நடத்துபவர் கடவுச்சொல் கொடுத்தால் விமானம் இல்லாமலேயே ரேடியோவில் சேரலாம். ஏற்காட்டில் சாதாரண மடிக்கணினியோடு இருக்கும் நண்பர் வழிகாட்டியாக உட்காரலாம். வீழ்ந்தவர்கள் 124-இல் மட்டும் பேசட்டும். எதிரி எங்கே என்று மேலிருந்து சொல்லத் தொடங்கினால் ஆட்டம் கெட்டுவிடும்.

குறைகளும் உண்டு. முழுத்திரை நிலையில் மிதக்கும் பலகை தெரியாது. விளிம்பில்லாச் சாளர நிலைக்கு மாற வேண்டும். ஓட்டத்தின் நடுவில் ஜாய்ஸ்டிக்கைக் கழற்றி மாட்டினால் எஸ்.ஆர்.எஸ்-ஐ அதை மறுபடி தேடச் சொல்லவேண்டிவரும். அதைவிடப் பெரிய சுமை கற்றுக்கொள்வதுதான். வெறும் அரட்டைக்கு வருகிறவருக்குக் காக்பிட் ரேடியோவைப் படிக்க ஒரு மாலை முழுக்க ஆகும். அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்கு டி.சி.எஸ்-க்குள்ளேயே இருக்கும் குரல் வசதி போதும். ஒரே நேரத்தில் இருவர் பேசினால் குரல் சிதையும்படி செய்யும் தேர்வை அரட்டைக் கூட்டம் அணைத்தே வைக்கலாம். நாலு பேர் ஒன்றாகச் சிரித்தால் எல்லாம் கரகரப்பாகிவிடும்.

எதிரிப் பகுதிக்குள் நுழையும்போது தலைவர் "ஃபென்ஸ் இன்" என்பார். ஆயுத சுவிட்சைப் போடும் அதே கையால் இரண்டாவது ரேடியோவின் ஒலியைக் கால்வாசிக்கு இறக்கிவிடுங்கள். "ஃபென்ஸ் அவுட்" வந்ததும் கூட்டுங்கள். அதுவரை எல்லோரும் அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் வரும்.